நானூற்றுப் பன்னிரண்டு படங்களில் கோமளாவின் கை

நல்லமுத்து வளையல் கடையின் இணையப் பக்கத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு இன்றும் வாயில் நல்ல வார்த்தை வராது. "மலாக்காவிலேயே முதல் ஆன்லைன் வளையல் கடை எங்களோடதுதான்" என்று முதலாளியின் மகன் ஹரிதாஸ் போகிற இடமெல்லாம் மார்தட்டிக்கொண்டிருந்தான். கோலாலம்பூரில் மூன்று வருஷம் படித்துவிட்டு வந்தவன். அந்தப் பக்கத்துக்காக அவன் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை. படம் எடுத்ததும் ஏற்றியதும் நான். வளையலை மாட்டிக்கொண்டு கையை நீட்டியது கோமளாக்கா.

கோமளாக்கா செலண்டாரைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதின்மூன்று வயதில் அம்மா கருப்பாயியோடு பால்மரம் வெட்டப் போனார். பாலை உறைய வைக்கிற ஆசிட் ஒருநாள் வலது மணிக்கட்டில் சிந்தி, கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் வெந்து தழும்பாகிவிட்டது. இருபது வயதில் புக்கிட் ரம்பாய் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு வந்தார். பதினைந்து வருஷம் லென்சுக்குள் கண்ணை விட்டு சின்னச் சின்னச் சில்லுகளைப் பார்த்தார். தொண்ணூற்றெட்டில் பொருளாதாரம் படுத்ததும், ஒரே காலையில் இருநூறு பேர் கையில் ஆளுக்கொரு கடிதத்தைக் கொடுத்து வாசலைக் காட்டினார்கள். அதற்கு அடுத்த மாதம்தான் எங்கள் கடையில் சேர்ந்தார்.

கண்ணாடி வளையல் போட்டுவிடுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. வருகிறவளின் கையை முதலில் மெதுவாகப் பிடித்து அமுக்கிப் பார்ப்பார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஒரு டஜன் உள்ளே போயிருக்கும். வளைகாப்பு என்றால் வீட்டுக்கே கூப்பிட்டுப் போவார்கள். கல்யாணத்துக்கு வளையல் வாங்க வரும் மலாய்க்காரப் பெண்கள்கூட, "காக் கோமளா அடா?" என்று, அக்கா இருக்கிறாரா எனக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். அவர் இல்லை என்றால் பிறகு வருகிறோம் என்று போய்விடுவார்கள். இது முதலாளிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒருநாள்கூட வாயைத் திறந்து சொன்னதில்லை.

நான் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு, கிளேபாங்கிலிருந்து பஸ் பிடித்து அங்கே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தொண்ணூற்றொன்பதில், தீபாவளிக்குப் பத்து வாரம் இருக்கும்போது, ஹரிதாஸ் ஃப்ளாப்பி செருகுகிற கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். ஒரு ஃப்ளாப்பியில் பதினைந்து படம் பிடிக்கும். கடையில் இருக்கிற நானூற்றுப் பன்னிரண்டு வகை வளையலையும் படமெடுத்து இரண்டே வாரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டுமாம். சொல்லிவிட்டு அவன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மேசையில் வைத்து எடுத்தால் வளையல் உருளுகிறது. நிறுத்தி வைத்தால் நிழல் விழுகிறது. நான் தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றபோது கோமளாக்காதான் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"கையில போட்டாத்தான் அது வளையல். எடு நீ."

"இந்தக் கையில தழும்பு தெரியுதேக்கா. இடது கைய நீட்டறீங்களா?"

"நல்ல காரியத்துக்கு எடுக்கிறது, இடது கைய நீட்டச் சொல்ற பாரு! தெரிஞ்சா தெரியட்டும் லா. வேலை செஞ்ச கைன்னா தழும்பு இருக்காதா?"

ஐந்து நாள் எடுத்தோம். போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி, ஐந்தாம் நாள் அவர் விரல் முட்டியெல்லாம் வீங்கிவிட்டது. ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ஒவ்வொரு படத்தையும் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்தார். கறுத்த கையில் அரக்கு நிற வளையல் நெருப்புக் கங்கு போல இருந்தது.

"எனக்கு ஒண்ணு பிரிண்ட் போட்டுக் குடு நிர்மலா. அம்மாகிட்ட காட்டணும். எஸ்டேட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், என் கை உலகமெல்லாம் போவப் போவுதுன்னு."

"போட்டுத் தரேங்கா" என்றேன்.

படங்களை ஏற்றுவது இருக்கிறதே, அது ஒரு தனி நரகம். ஒவ்வொரு படத்துக்கும் வளையலின் எண்ணையே பெயராக வைத்து, எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்ப வேண்டும். எண் சரியாக இருந்தால் படம் தானாகவே அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடையில் இருந்தது ஒரே டெலிபோன் லைன். நான் காலை ஏழு மணிக்கே வந்து மோடத்தைப் போட்டுவிடுவேன். இருநூறு படம் போயிருக்கும்போது முதலாளி நல்லமுத்து வந்து, வீட்டில் மாத்திரையை வைத்துவிட்டேன் என்று போனைத் தூக்குவார். அவ்வளவுதான், லைன் அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "முதலாளி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், போனைத் தொடாதீங்க!" என்று நான் கத்தாத நாளில்லை. நான்காவது நாள் போன்மேல் ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து வைத்துத்தான் ஏற்றி முடித்தேன்.

அன்று மத்தியானம் ஹரிதாஸ் வந்து பார்த்தான். பார்த்ததும் முகம் சுளித்தான்.

"அபா இனி, என்ன இது? யாரோட கை?"

"கோமளாக்கா கை, பாஸ்."

"ரொம்ப கறுப்பா இருக்கு லா. சிங்கப்பூர்ல பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க? அந்தத் தழும்பு வேற. எஸ்டேட் கை மாதிரி இருக்கு."

"எஸ்டேட் கைதான் பாஸ்."

"சோ? பிரைட் பண்ணு. எல்லாத்தையும்."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. இவன் தாத்தா எந்த அரண்மனையில் பிறந்தாராம்? அவரும் அதே செலண்டார் பக்கம் மரம் வெட்டி, மூட்டை தூக்கி, வளையல் பெட்டியைத் தலையில் சுமந்து தோட்டம் தோட்டமாக விற்றவர்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? மாசம் பிறந்தால் வருகிற சம்பளம் இருந்தது.

ஒரு படத்துக்குச் செய்ததை எல்லாப் படத்துக்கும் தானே செய்துவிடுகிற வசதி படம் திருத்துகிற புரோகிராமில் இருந்தது. ஒரு படத்தில் வெளிச்சத்தை ஏற்றினேன். கை வெளுத்தது. தழும்பு மறைந்தது. கூடவே வளையலும் வெளுத்தது.

"பாஸ், அரக்கு ரோஸாயிடுச்சு. கரும்பச்சை கிளிப்பச்சையா தெரியுது."

"நைஸ்தானே? முன்னைவிட அழகா இருக்கு. ஏத்து."

ஒரு பொத்தானை அழுத்தினேன். நானூற்றுப் பன்னிரண்டு படத்திலும் கோமளாக்காவின் கை காணாமல் போனது. மறுநாள் காலை பேசினைக் கவிழ்த்து வைத்து அதையும் ஏற்றினேன். அக்கா பிரிண்ட் கேட்டபோதெல்லாம், "மை தீர்ந்துடுச்சுக்கா" என்றேன். கம்ப்யூட்டர் அறைக்கு வர அவருக்கு நேரமும் இல்லை. ஆர்டர் வரத் தொடங்கியிருந்தது. சீட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து வளையலை எடுத்து, வைக்கோல் வைத்துச் சுற்றி, பெட்டியில் அடுக்கி ஒட்டுவதும் அவர் தலையில்தான் விழுந்தது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. சிங்கப்பூரிலிருந்து ஒன்பது, ஈப்போவிலிருந்து நான்கு, அடுத்த வாரம் இன்னும் இருபது. ஒரு பெண்மணி போன் போட்டு, மகள் வளைகாப்புக்கு ரோஸ் சேலைக்கு ரோஸ் வளையல் கேட்டால் அரக்கை அனுப்பியிருக்கிறீர்களே, கண் தெரியாதா என்று கிழி கிழியென்று கிழித்தார். போனை வைத்த கையோடு ஹரிதாஸ் கடைக்குள் வந்து, வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போதே ஆரம்பித்தான்.

"கோமளா! நம்பர் படிக்கத் தெரியுமா தெரியாதா? எல்லாத்தையும் மாத்தி மாத்திப் பேக் பண்ணி வச்சிருக்க. இதுக்குத்தான் எஸ்டேட்ல இருந்து ஆள் எடுக்காதீங்கன்னு அப்பாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

பத்து வயது மூத்தவரை ஒற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், நாறப்பயல். கோமளாக்கா ஒரு கிழவியின் கையில் வளையல் ஏற்றிக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

"நான் நம்பர் பாத்துத்தான் தம்பி வச்சேன்."

"அப்ப எப்படி மாறும்? நாளையில இருந்து நீ வரவேணாம்."

முதலாளியைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார். மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முனகினார். எனக்குக் காரணம் தெரியும். ஹரிதாஸுக்கும் தெரியாமலா இருக்கும்? அப்போதும் நான் பேசவில்லை. அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கோமளாக்கா திரும்பி வந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் போனோம்.

"இருநூத்து ஏழாம் நம்பர் படத்தை எடு, நிர்மலா."

எடுத்தேன். அவர் பெட்டியைப் பிரித்து, அரக்கு வளையல் நான்கைத் தன் வலது கையில் ஏற்றி, அந்தக் கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். திரையில் இருந்தது யாரோ ஒரு வெள்ளைக்காரியின் கை. அதில் ரோஸ் வளையல். கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு விரலால் திரையில் மணிக்கட்டு இருக்கிற இடத்தைத் தடவினார்.

"தம்பி, வளையல் மாறல. கைதான் மாறியிருக்கு."

முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "என்னடா செஞ்சு வச்சிருக்க?" என்று கேட்டார். ஹரிதாஸின் காது சிவந்துவிட்டது. ஆனால் ஆள் மசியவில்லை. பிழைக்கத் தெரிந்தவன் அல்லவா!

"ஓகே, ஓகே. சின்ன மிஸ்டேக். பழைய படம் ஃப்ளாப்பில இருக்குல்ல? அதையே ஏத்திடு. கறுப்பா இருந்தாலும் கலராவது கரெக்டா தெரியும். கோமளா, நீ போய் வேலையப் பாரு."

ஒரு மன்னிப்புக்கூட இல்லை. என்னமோ பெரிய மனது பண்ணி அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். நான் பிஸ்கட் டின்னிலிருந்து ஃப்ளாப்பிகளை எடுத்து முதலாவதைச் செருகினேன். கோமளாக்கா நகரவில்லை. அவர் ஹரிதாஸைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தார்.

அந்தப் பார்வையில்தான் எனக்குப் புத்தி வந்தது. போனைத் தொட்டதற்குக்கூட நான் கத்திய கடையில், ஒருத்தியின் கையை வெளுத்தபோதும் யாரும் கேட்கவில்லை, இப்போதும் யாரும் கேட்கவில்லை.

"அக்கா, உங்க படத்தை ஏத்தவா?" என்றேன்.

"வேணாம்."

"அவ யாரு வேணாம்னு சொல்றதுக்கு? கடை எங்களோடது, கேமரா எங்களோடது" என்று ஹரிதாஸ் கத்தினான். "நீ ஏத்து!"

"கை அவங்களோடது லா!" என்று நானும் கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. முன்கடையில் உட்கார்ந்திருந்த கிழவி எழுந்து எட்டிப் பார்த்தது. நான் செருகியதை உருவி, இருபத்தெட்டு ஃப்ளாப்பியையும் டின்னோடு தூக்கிக் கோமளாக்கா கையில் கொடுத்தேன். முதலாளி, "கோமளா, இரும்மா, பேசிக்கலாம்" என்றார். அக்காவுக்காக அவர் வாயைத் திறப்பதற்கு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அக்கா நான்கு வளையலையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். நானும் போனேன். அதற்கப்புறம் என்னை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

செலண்டார் பஸ்ஸுக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் நிற்கவில்லை. அவனை இப்படித் திட்டியிருக்கணும், அப்படிக் கேட்டிருக்கணும் என்று பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். அக்கா டின்னை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் வருவது தெரிந்ததும் எழுந்தார்.

"அவனை விடு. அவன் எப்பவும் அப்படித்தான். நீ அன்னிக்கு வந்து, 'அக்கா, கைய வெளுக்கச் சொல்றாங்க, செய்யட்டா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீன்னா, நான் சரின்னுதான் லா சொல்லியிருப்பேன்."