தபீதாள் தோண்டிய கிணறு

என் மனைவி தபீதாளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் வயிறு எரிகிறது, எழுதுகிறேன்.

1964இல் தாம்பரத்தில் எங்கள் வீட்டுமனைச் சங்கம் நாற்பது வீடு கட்டியது. தண்ணீரைத்தான் மறந்துவிட்டது. ரயில்வே கேட் தாண்டிப் போய்ப் பெண்கள் குடம் சுமந்தார்கள். ஒருநாள் தபீதாள் பொதுமனையில் கடப்பாரையை இறக்கினாள். பக்கத்து வீட்டு அங்காளம்மாள் மண் கூடையைத் தூக்கினாள். அப்புறம் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். ஆண்பிள்ளைகள் நாங்கள்? நின்று வேடிக்கை பார்த்தோம், வெட்கங்கெட்டவர்கள். முப்பதடியில் ஊற்று வந்தது.

ஐந்து வருஷம் கழித்து, அந்தக் கிணற்றை மூடிச் சங்கத்துக்கு ஆபீஸ் கட்டத் தீர்மானம் கொண்டுவந்தார் தலைவர் சிட்டிபாபு.

"இன்னா அநியாயம் இது! நாங்க நோண்டின கெணறு, நீ யாருய்யா மூட?" என்று கத்தினாள் அங்காளம்மாள்.

"மெம்பர்தான் பேசலாம்மா" என்றார் அவர்.

மெம்பர்கள் ஆண்கள். வேலையிலும் எங்களில் பாதிப் பேருக்குச் சிட்டிபாபுதான் மேலதிகாரி. கை தூக்கச் சொன்னால் அவர் பக்கம்தான் தூக்குவோம் என்பது தபீதாளுக்குத் தெரியும்.

"இருபது பேர் வரலேன்னா கூட்டம் செல்லாது. அவங்கவங்க வீட்டுக்காரரை உள்ளே வச்சுப் பூட்டுங்க" என்றாள்.

முப்பது வீட்டில் பூட்டு விழுந்தது. எங்கள் வீட்டிலும்தான்.

சங்க விதிகளை டைப் அடித்துக் கொடுத்தவனே நான். ஆள் குறைந்தால் அரை மணி நேரம் ஒத்திவைத்து, பிறகு இருப்பவர்களை வைத்தே நிறைவேற்றலாம் என்று அதில் இருக்கிறது. ஜன்னல் வழியாகத் தபீதாளுக்கு ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் என்னை இழுத்துக்கொண்டு போய், சிட்டிபாபு முகத்துக்கு நேரே எதிர்த்துக் கை தூக்க வைத்திருப்பாள். அந்தப் பயத்தில் பூட்டிய வீட்டில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். தூ!

ஒன்பது பேர் கை தூக்கினார்கள். மறுவாரமே லாரியில் மண் வந்து கிணற்றில் விழுந்தது.

"இந்த விதி உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் தபீதாள்.

தெரியும் என்று தலையை ஆட்டினேன். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் இரண்டு குடத்தைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் குழாய் இருக்கு. போய்க் கொண்டாங்க, மெம்பர் சார்."

எட்டு வருஷமாக நான்தான் கொண்டுவருகிறேன். இன்றுவரை அவள் என்னை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.