நாற்பது தகடு

எங்கள் எஸ்டேட் கேட்டில் ஜாகாவாகக் காவல் வேலை பார்க்கும் குணாளன் சிரித்து நான் பார்த்து இரண்டு வருஷமாகிறது. முன்பெல்லாம் அவர் வாயைத் திறந்தால் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயமே சிரிக்கும். இருபது வருஷம் மருந்தடித்து முதுகு போன பிறகுதான் மேனேஜர் அவரைக் கேட்டில் உட்கார வைத்தார்.

மலை உச்சியில் தேநீர்க் கடை வந்தது. பின்னாலேயே கார்களும் வந்தன. மேலே போவது ஒரு வண்டி மட்டுமே போகும் அகலத்தில் ஒரே பாதை. விடுமுறை நாளில் நூறு கார் ஏறும். திரும்ப இடமில்லாமல் தேயிலைச் செடிமேலேயே ஏற்றித் திருப்புவார்கள். மழை பெய்தால் அந்த மண்ணெல்லாம் எங்கள் குடிதண்ணீர் ஓடையில் வரும். மேனேஜர் கூட்டம் போட்டு யோசனை கேட்டபோது, படித்தவர்களெல்லாம் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருக்க, குணாளன்தான் எழுந்தார். பாக்டரியே ஒரு நாளைக்கு இவ்வளவு கொழுந்துதான் வாங்கும், மலை மட்டும் எவ்வளவு தாங்கும் என்று கேட்டார். பிஸ்கட் தகரத்தில் நாற்பது தகடு வெட்டி, கேட்டருகே ஆணியடித்து மாட்டினார். ஏறும் காருக்கு ஒரு தகடு, இறங்கும்போது திருப்பித் தர வேண்டும். ஆணி காலியானால் கேட் மூடும். எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்க வழியில் விட்டிருந்த மூன்று இடங்களும் அதன்பின் யாரும் காரை நிறுத்தாமல் காலியாகவே இருந்தன.

ஒரு வருஷத்தில் ஓடை தெளிந்தது. டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவரையே ஒரு மணி நேரம் காக்க வைத்தார் குணாளன். எங்களுக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான்.

அடுத்த பள்ளி விடுமுறையில், ஆணி காலியாக இருந்த நேரம் பார்த்து ஈப்போவிலிருந்து மூன்று வேன் வந்தது. கொழுந்தெடுக்கும் தவமலரின் தம்பி புனிதன், பெண்டாட்டி, பிள்ளை, மாமியார் என்று பெருங்கூட்டத்தோடு அக்காவைப் பார்க்க வந்திருந்தான். இந்த லயத்தில் பிறந்தவன். அவனைப் போய்க் காக்க வைப்பதா என்று குணாளனுக்குக் கூச்சமாகிவிட்டது.

"நீ என்ன டூரிஸ்டா? நம்ம வீட்டு ஆளு. போ தம்பி," என்று கேட்டைத் திறந்தார்.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். நானும் தலையாட்டினேன்.

மேலே நிறுத்த இடமில்லாமல், மூன்று வேனையும் அந்த ஒதுங்கும் இடங்களில் விட்டுவிட்டு அவர்கள் லயத்துக்கு நடந்தார்கள். தவமலர் அப்போது மேல்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே குளவிக்கூடு கலைந்தது. முகமெல்லாம் கொட்டி, மூச்சுத் திணறியவளை லோரியில் ஏற்றி இறக்கினார்கள். எதிரே தகடு வாங்கிய கார்கள் ஏறி வந்துகொண்டிருந்தன. ஒதுங்க ஓர் இடமில்லை. ஒவ்வொரு காராகப் பின்னோக்கியே ஓட்டிக் கேட்வரை கொண்டுவர ஐம்பது நிமிஷம் ஆனது. தானா ராத்தா ஆஸ்பத்திரியை எட்டும் முன்பே தவமலர் போய்விட்டாள்.

யாரும் குணாளனைக் குறை சொல்லவில்லை. குளவி கொட்டினால் யார் என்ன செய்வது என்றோம். ஊருக்குத்தான் என் உபதேசம் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. தலையாட்டிய என்மேலும் வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் புனிதன் வந்தான். அன்று வேலைநாள், ஆணிகளில் தகடுகள் நிறையவே தொங்கின. குணாளன் ஒன்றை எடுத்து நீட்டினார். அவன் வாங்கவில்லை. வேனைக் கீழே ரோட்டோரம் நிறுத்திவிட்டு எல்லாரையும் இறக்கினான்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நடந்தே போயிருப்போம்லா, அண்ணே," என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

லயத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்தான். அவன் மாமியார்கூட ஓரிடத்திலும் உட்காராமல் ஏறிப் போனாள். குணாளன் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.