ஐந்தருவியில் மாறிப்போன வெள்ளைக் கார்

இன்றைக்குக் காலையில் ஐந்தருவியிலிருந்து அடுத்தவர் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டோம்!

(திருட்டு இல்லை. நட்பு வட்டத்தில் போலீஸ்காரர்கள் இருந்தால் தயவுசெய்து கடைசி வரை படிக்கவும்.)

எங்களிடம் இருப்பது ஒரு ஜப்பான் கம்பெனியின் பழைய வெள்ளைக் கார். டீச்சர் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் வாங்கியது. ஓட்டுவது மட்டும் என் வீட்டுக்காரர்.

கொஞ்ச நாளாக அவருக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகவில்லை. இழுக்க மாட்டேன் என்கிறது, கியர் விழ மாட்டேன் என்கிறது, வயதாகிவிட்டது என்று ஒரே புலம்பல். ஒரு புரோக்கரிடம் பேசியும் முடித்துவிட்டார். இன்று மத்தியானம் அந்த ஆள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

எனக்கோ கொடுக்க மனசே இல்லை. சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"சரி, கடைசியா ஒரு தடவை அதுலயே குற்றாலத்துக்குப் போயிட்டு வருவோம்" என்றேன். அதற்கு மட்டும் சம்மதித்தார்.

சீசன் நேரம். பார்க்கிங்கில் கால் வைக்க இடமில்லை. எப்படியோ ஒரு சந்தில் காரை நுழைத்துவிட்டு, சாவியை முன் டயருக்கு மேலே வைத்தார். துண்டோடு அருவியில் நிற்கிற மனுஷனுக்குப் பாக்கெட் ஏது! இங்கே பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். (ரகசியத்தை வெளியே சொன்னதற்கு மன்னிக்கவும்.)

குளித்து முடித்ததும் அகோரப் பசி. டயர் மேலிருந்து சாவியை எடுத்தார், கதவைத் திறந்தார், கிளம்பிவிட்டோம். நான் ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன்.

இலஞ்சி வரும்போது ஆரம்பித்தார்.

"ஏட்டி, வண்டி இன்னைக்கு என்ன இப்படிப் போகுது! வழுக்கிக்கிட்டுல்லா போகுது!"

"விக்கப் போறோம்னு அதுக்குத் தெரிஞ்சிட்டு போல."

"கியர் எவ்வளவு லேசா விழுது தெரியுமா? நேத்து வாட்டர் வாஷ் பண்ணுனோம்லா, அதான்."

(வாட்டர் வாஷுக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். சில கேள்விகளை நான் கேட்பதே இல்லை.)

"இப்படி ஓடுத வண்டிய விக்கணுமான்னு இருக்கு" என்றார். அவர் வாயாலேயே!

இந்த நல்ல செய்தியை உடனே அக்காவிடம் சொல்லலாம் என்று ஃபோனை எடுக்க டேஷ்போர்டைத் திறந்தேன். ஃபோன் இல்லை. உள்ளே நான்கு நூல் கண்டும் ஒரு வெற்றிலைப் பொட்டலமும் இருந்தன.

மீட்டரை எட்டிப் பார்த்தேன். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர்! எங்கள் கார் ஓடியது தொண்ணூறாயிரம்தான்.

"ஏங்க... இது நம்ம வண்டி இல்ல."

"சும்மா இருட்டி."

நூல் கண்டைத் தூக்கிக் காட்டினேன். வண்டி ஓரமாக நின்றது.

ஃபோன்கள் இரண்டும் எங்கள் காரில் கிடக்கின்றன. யாரைக் கூப்பிடுவது? அப்படியே திருப்பினோம். அங்கே கூட்டம் கூடியிருக்குமோ, புகார் கொடுத்திருப்பார்களோ என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன். குளித்த ஈரம் காயும் முன்பே வியர்த்துவிட்டது.

பார்க்கிங்கில் எங்கள் கார் நின்ற இடத்திலேயே நின்றது. பானெட் திறந்திருந்தது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் துண்டோடு குனிந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் ஓடிப் போனார். "அண்ணாச்சி, மன்னிச்சிக்கிடுங்க! ரெண்டும் ஒரே மாடல், ஒரே வெள்ள, பக்கத்துப் பக்கத்துல நின்னுது, சாவி டயர்ல இருந்துது..."

அவர் சிரித்துவிட்டார். "நானும் அப்படித்தான் அண்ணாச்சி, உங்க டயர்ல இருந்த சாவிய எடுத்து ஏறிட்டேன். கிளட்ச அமுக்குன ஒடனே எறங்கிட்டேன். நம்ம வண்டி இல்லன்னு கால் சொல்லிட்டு."

(எங்கள் வீட்டுக் கால் இலஞ்சி வரை வாயே திறக்கவில்லை!)

அவர் சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருப்பவராம். முதல் ஆளாக அந்தக் காரை வாங்கி இன்றுவரை ஓட்டுகிறார்.

"இந்த கம்பெனி கார ஏன் எடுத்தேன் தெரியுமா மதினி? அவங்க மொதல்ல தறி செஞ்சவங்க. நூல் அறுந்தா தானா நிக்குத தறி. பொறவுதான் அந்த வீட்டுப் பையன் தறி ஃபேக்டரியில ஒரு ஓரமா கார் செய்ய ஆரம்பிச்சாரு. தறின்னா நாள் பூரா ஓடணும். அதச் செஞ்சவங்க கார் எப்படி நம்மள நடுவழியில விடும்?"

"குறையே இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஏன் இல்ல! சீட்டு ரொம்பத் தாழ்வு, வேட்டியோட எறங்குனா மானம் போயிரும். பார்ட்ஸ் வெலையக் கேட்டா தல சுத்தும். ஆனா கொட்டுத மழையில செங்கோட்டை மலையேறி எத்தன தடவ போயிருக்கேன், ஒருநாளும் நின்னதில்ல."

எனக்குக் கேட்கக் கேட்கப் பெருமை தாங்கவில்லை.

பிறகு எங்கள் காரைத் தட்டிக் கொடுத்தார். "இதுவும் தங்கமான வண்டி. எஞ்சின்ல ஒரு குத்தமும் இல்ல. கிளட்சுதான் பாவம், தேஞ்சு கெடக்கு. ஓட்டுதவங்க அது மேலயே கால வச்சிக்கிட்டு ஓட்டுதாங்க. யாரு ஓட்டுதது?"

என் வீட்டுக்காரர் அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். இயற்கையை அவர் இவ்வளவு ரசித்து நான் பார்த்ததே இல்லை.

அப்போது காருக்குள் ஃபோன் அடித்தது. புரோக்கர்! இவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, கெளம்பிட்டேன். வண்டி வீட்லதான நிக்குது?"

காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வர வேண்டாம் அண்ணாச்சி. விக்கல."

"என்ன ஆச்சு? எல்லாம் பேசியாச்சே! வேற வண்டிக்கு மாத்தணும்னு சொன்னீங்களே?"

"வண்டிய மாத்தல. டிரைவரத்தான் மாத்துதோம்."

சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். லைசென்ஸ் எடுத்து ஒன்பது வருடம் கழித்து எனக்குக் கிடைத்த மரியாதை!

தென்காசி வரை நான்தான் ஓட்டினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவருடைய இடது கால் தானாகத் தரையை அமுக்கிக்கொண்டே வந்தது.

நல்லவேளை, அந்தப் பக்கம் கிளட்ச் இல்லை!