பாயில் படுத்திருந்த புடவை

என் அத்தை எந்தப் புடவையையும் உடம்பில் கட்டுவதற்கு முன்னால் பாயில் கட்டிப் பார்ப்பாள்.

அத்தை என்றால் என் நைனாவின் கடைசித் தங்கை. அப்போது கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தவள். நாளைக்கு வெளியே போகவேண்டும் என்றால் இன்றைக்கே கூடத்தில் பாயை விரித்துவிடுவாள். மேலே ரவிக்கை, அதன்கீழே கொசுவம் மடித்த புடவை, கை வருகிற இடத்தில் வளையல். பூ வாடிவிடும் என்பதால் தலை வருகிற இடத்தில் ஏதாவது ஒரு இலை. பார்க்கிறவர்களுக்கு மெலிந்த பெண் ஒருத்தி அங்கே படுத்திருப்பதுபோல இருக்கும். பிறகு வாசற்படிவரை நடந்துபோய்த் திரும்பி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் வந்து வளையலை மாற்றுவாள், மறுபடி போய் நிற்பாள்.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, படுத்துகினு இருக்கறவளுக்கும் சேத்து ஒல வெக்கட்டுமா?" என்று கேட்பாள்.

"வெய்யி அண்ணி. எனக்கு வெக்கறதுல பாதி போதும் அவளுக்கு. வவுறே இல்ல பாரு" என்பாள் அத்தை.

நான் அப்போது இரண்டாவதோ மூன்றாவதோ படித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவதோடு என் படிப்பு நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் படித்தது பாதி மறந்துவிட்டது. அத்தை பாயில் பரப்பியவை மட்டும் ஒன்றுவிடாமல் நினைவில் இருக்கின்றன.

முக்கியமாகப் பங்குனி மாதம். எங்கள் ஆர்.கே.பேட்டைப் பக்கம் பங்குனியிலேயே பாறை சுடத் தொடங்கிவிடும். மற்றப் பெண்கள் வெளியே கிளம்பினால் இருப்பதில் நல்லது எதுவோ அதைக் கட்டிக்கொள்வார்கள், வெயிலாவது மழையாவது. அத்தை அப்படியில்லை. வெயிலுக்கு என்று ஒரு அழகு உண்டு என்பாள். புதுப்புடவை வாங்கினால் முதல் வேலையாக அதன் கஞ்சியை அலசி எடுப்பாள், காற்று உள்ளே வரவேண்டும் என்று. ரவிக்கையின் கையைப் பிரித்துக் கொஞ்சம் தளர்த்தித் தைப்பாள். பின்னலைத் தொங்கவிடாமல் மேலே சுருட்டிக் கொண்டை போடுவாள். மல்லிகை கூடாது, மலை ஏறுவதற்குள் செத்துவிடும். மரிக்கொழுந்து ஒரு கொத்து, அவ்வளவுதான்.

இப்போது திருத்தணி பஜாரில் துணிக்கடை பொம்மைகளுக்கு மெல்லிய பருத்தித் துணி மாட்டி, வெயில்காலத்துக்கென்றே வந்த புது மாடல் என்கிறார்கள். நான் நின்று பார்ப்பேன். ஒரு கண்ணை மூடிப் பார்க்கத் தோன்றும். யாராவது கவனித்துவிடுவார்களோ என்று கூச்சமாகி நடந்துவிடுவேன்.

அந்த வருஷம் பங்குனிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போவதாக வீட்டில் முடிவானது. சாமி கும்பிடத்தான் என்று அத்தையிடம் சொன்னார்கள். என்னிடமும் அதையே சொன்னார்கள். உண்மையில் அன்றைக்கு அத்தையைப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளைக்கு மணவூர். அரக்கோணத்தில் ஏதோ நல்ல வேலை.

எங்கள் பக்கத்தில் அப்போது அது ஒரு வழக்கம். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் ஊரெல்லாம் பேச்சாகிவிடும். மலைமேல் என்றால் இரண்டு வீட்டாரும் சாமி கும்பிட வந்தவர்கள், அவ்வளவுதான். பிடிக்காவிட்டால் பிரசாதம் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். பெண்ணிடம் சொல்லமாட்டார்கள். சொன்னால் வெட்கப்பட்டு விறைத்துப்போவாளாம். போட்டோ எடுப்பதெல்லாம் கிடையாது. அத்தனை கூட்டத்தில் பெண்ணைக் கண்டுபிடிக்க ஒரே அடையாளம், அவள் கட்டிவரும் நிறம். அதைத் தரகர் முன்கூட்டியே மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடுவார். அத்தைக்கென்று அவர் சொல்லியிருந்தது அரக்குப் பட்டு.

அன்றைக்கு நைனா தரகரோடு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். அம்மா பெட்டியிலிருந்து அரக்குப் பட்டை எடுத்துக் கட்டிலில் வைத்து, "இதக் கட்டிகினு பாப்பாவ இட்டுகினு போ. வேற எதையும் கட்டாத" என்று சொல்லிவிட்டு, வேர்க்கடலை பிடுங்குகிற ஆட்களுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனாள்.

அத்தை பட்டைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தாள்.

"உங்கம்மாவுக்கு இன்னாடி ஆச்சி? இத்த சுத்திகினு மல ஏறினா, மேல போறதுக்குள்ள பொணமாத்தான் பூடுவேன்."

பட்டு மறுபடி பெட்டிக்குள் போனது. முதல்நாளே பாயில் பரப்பிப் பார்த்திருந்ததை எடுத்தாள். சந்தன நிறத்தில் அம்மையார்குப்பத்துப் பருத்திப் புடவை, இலைப்பச்சைக் கரை. அந்தப் பச்சையிலேயே ரவிக்கை. கையில் கண்ணாடி வளையல். எனக்கும் கையில்லாத சட்டை ஒன்றைத் தைத்து வைத்திருந்தாள். நாங்கள் தெருவில் நடந்தபோது எனக்கே ஒரு பெருமை, தலைகுனிந்தபடி பெருமைப்பட்டுக்கொண்டேன்.

படிகள் சுட்டன. ஆனால் அத்தை அலுக்காமல் ஏறினாள். அவளைக் கடந்து போனவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். மேலே நைனாவைக் காணோம். நைனாவும் தரகரும் படியின் உச்சியிலேயே நின்றுகொண்டிருந்தார்களாம். நாங்கள் அவர்கள் முன்னாலேயே கடந்து போயிருக்கிறோம். கூடப் பிறந்தவரே அரக்கு நிறத்தைத்தான் தேடியிருக்கிறார்.

ஒரு மண்டபத்து நிழலில் உட்கார்ந்தோம். எதிர்த்தூணில் ஒருவர் சாய்ந்து நின்றிருந்தார். இளவயது. முழுக்கை டெரிலின் சட்டை, கழுத்துப் பித்தான்வரை பூட்டியிருந்தது. முகமெல்லாம் வேர்வை.

அத்தை என் காதில் சொன்னாள். காதில் சொல்லும் அளவுக்கு அவள் குரல் என்றைக்கும் இறங்கியதில்லை.

"பாருடி, இட்லிக் குண்டான்ல வெச்ச மாதிரி வேவறாரு. அந்தக் கைய மடிச்சி வுட்டா கொறஞ்சா பூடுவாரு?"

அவர் திரும்பினார். அத்தையிடம் நேராகப் பேசவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சொல்லு பாப்பா, மடிக்கக் கூடாதுன்னு வூட்ல சொல்லித்தான் அனுப்பிச்சாங்க."

அத்தையும் என்னிடமே சொன்னாள். "வெயிலு வூட்ல இருக்கறவங்களக் கேட்டுகினா அடிக்குதுன்னு கேளுடி."

நான் எதையும் கேட்கவில்லை, எதையும் சொல்லவில்லை. அத்தையின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவர்களுக்கு நான் தேவைப்படவும் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே பித்தானைக் கழற்றிக் கையை மடித்தார்.

"இப்ப சரியா இருக்குதா பாப்பா?"

அத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பாயைப் பார்ப்பாளே, அதே பார்வை.

"இன்னும் ஒரு மடிப்பு" என்றாள்.

அவர் இன்னும் ஒன்று மடித்தார். அது அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். அத்தையைவிடச் சின்னவள். அரக்கு நிறப் பட்டு, தலைநிறைய வாடிய மல்லிகை. கூட வந்த அவள் அம்மா அர்ச்சனைத் தட்டு வாங்கப் போக, இவள் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே சுவரில் சரிந்தாள். கண் சொருகியது.

"அய்ய, பாவம். எவ மவராசியோ பட்ட சுத்தி அனுப்பிட்டா பாரு" என்றபடி அத்தை எழுந்தாள். எங்கள் சொம்புத் தண்ணீரில் துண்டை நனைத்து அவள் முகத்தையும் கழுத்தையும் துடைத்தாள். குடிக்கக் கொடுத்தாள். வாடிய மல்லிகையை எடுத்துவிட்டுப் பின்னலைச் சுருட்டிக் கொண்டையாக்கினாள். முந்தானையை ஒற்றையாக விட்டாள். கடைசியில் தன் தலையிலிருந்த மரிக்கொழுந்தை எடுத்து அவள் கொண்டையில் செருகி, இரண்டடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"இப்ப பாரு, எம்மா அழகா கீற."

அந்தப் பெண் அழுகையும் சிரிப்புமாக அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். தூணருகே நின்றவர் அந்தப் பட்டையே பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். மடித்துவிட்ட சட்டைக்கையை மெதுவாக இறக்கி, மறுபடி பித்தான் போட்டுக்கொண்டார். வெயில் கையில் படுகிறதுபோல என்று நான் நினைத்தேன்.

கூட்டத்திலிருந்து வயதான ஒரு அம்மாள் வேகமாக வந்தார். கையில் சந்நிதியிலிருந்து வாங்கிய பூ.

"ஆர்.கே.பேட்டை பக்கமாம்மா நீ?"

அரக்குப் பட்டுப் பெண், "ஆங்" என்றாள். அதற்கும் அந்தாண்டை ஒரு கிராமம் அவளுக்கு.

"லட்சணமா இருக்க தாயி" என்று சொல்லி, மரிக்கொழுந்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பூவை வைத்துவிட்டார். தட்டோடு திரும்பிவந்த அவள் அம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் இல்லை. விசாரித்ததில் எல்லாவகையிலும் பொருத்தமாக வேறு இருந்துவிட்டது.

நைனாவும் தரகரும் மூச்சுவாங்க வந்து சேர்ந்தார்கள். தரகர் தனியே இழுத்துப்போய்ச் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள், "சாமி பூவ எடுத்துட்டு வேற தலையில வெக்கச் சொல்றியா? முருகன் காட்டின பொண்ணு இதுதான்" என்று முடித்துவிட்டார். அவர் பிள்ளை முழுக்கைச் சட்டையோடு அம்மாவின் பின்னால் நடந்தார். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக் கை ஆட்டினேன்.

அத்தைக்கு விஷயம் தெரிந்தது படி இறங்கும்போதுதான். தரகரால் அடக்க முடியவில்லை. "தூணாண்ட முழுக்கைச் சட்ட போட்டுகினு நின்னாரே, அவருதாம்மா மாப்ள."

அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி இறுகியது. நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்ட ஏன் அண்ணா சொல்லல?"

"வெக்கப்படுவன்னுதாம்மா..." என்றார் நைனா.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நாந்தான் எடுத்து வெச்சிட்டுப் போனேனே!"

"பட்டத்தான் எடுத்து வெச்ச அண்ணி. சேதிய எடுத்து வெக்கலியே" என்றாள் அத்தை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுவருஷம் அத்தைக்கு வேறிடத்தில் கல்யாணமானது. யாரும் குறை சொல்லமுடியாத இடம். ஆனால் அதற்குப் பிறகு எப்போது வந்தாலும், யார் எதை எடுத்துக் கொடுத்தாலும் அதைக் கட்டிக்கொண்டாள். சித்திரை வெயிலில் காற்றே நுழையாத நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டு வந்து வேர்வையைத் துடைப்பாள். "ஏன் அத்த இது?" என்று ஒருமுறை கேட்டேன். "கைக்கு வந்துது, கட்டிகினேன்" என்றாள். இன்னொன்றும் கேட்டிருக்கலாம். எனக்கு எப்போதுமே வாய் வராது. இப்போது கேட்க அவளும் இல்லை.

மலையிலிருந்து வந்த அந்த வாரமே ஒருநாள், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கூடத்தில் பாய் விரித்திருந்தது. அதில் ஒரு சின்னப் பெண் படுத்திருந்தாள். சந்தன நிறப் பாவாடை, இலைப்பச்சைக் கரை, கையில்லாத சட்டை. ஒரேயொரு தடவை கட்டிய புடவையை வெட்டி எனக்குத் தைத்திருந்தாள். மீந்த துணியில் இன்னொரு பாவாடையும் வரும் என்றாள். நான் குதித்தேன். அந்த வெயில்காலம் முழுக்க, துவைத்த ஈரம் காய்வதற்குள் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஊரில் என்னைப்போல உடுத்தியவள் ஒருத்தியும் இல்லை.

அன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் போய் நின்று, அத்தை ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். தைத்துத் தைத்துக் களைத்துவிட்டாள் என்று நினைத்து, சத்தம் போடாமல் விளையாடப் போய்விட்டேன்.