ஒரு நாற்காலி மிச்சம்

நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்து உங்கள் பக்கத்தில் உட்காருவார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரிப்பார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு உங்கள் கம்ப்யூட்டர் திரையையே பார்ப்பார். நீங்கள் ஒரு பில்லைத் திறப்பீர்கள். "அடுத்து என்ன பண்ணுவீங்க?" எண்ணைப் பார்த்து இன்னொரு இடத்தில் அடிப்பீர்கள். "அடுத்து?" மௌஸை மட்டும் தொடவே மாட்டார். "வேலை அவங்க கையில இருக்கற வரைக்கும் நாம கை வெக்கக் கூடாதுப்பா" என்பார். அது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். ஆபீஸில் அவருக்கு 'அடுத்து' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அவர் கட்டுவது ரோபோ. கை கால் கிடையாது. டீ, லீவு எதுவும் கேட்காது. குமாஸ்தா கம்ப்யூட்டரில் செய்வதை அப்படியே செய்கிற ஒரு புரோகிராம், அவ்வளவுதான். அதை ஒரே மூச்சில் கட்டுவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு. தினமும் காலையில் குழு முழுக்கச் சுவரோரம் நின்றபடியே பேசும். உட்கார்ந்தால் பேச்சு வளர்ந்துவிடுமாம். சுவரில் மஞ்சள் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. துண்டு முடிகிற வெள்ளிக்கிழமை, யாருடைய வேலையை எடுத்தார்களோ அவர்களையே கூட்டி வைத்துச் செய்து காட்டுவார்கள். அவர்கள் "சரியா இருக்கு" என்று தலையாட்டினால்தான் முடிந்ததாகக் கணக்கு. ஆட்டைக் கூப்பிட்டுக் கத்தி கூராக இருக்கிறதா என்று கேட்கிற ஏற்பாடு. ரோபோ தப்பில்லாமல் செய்கிறதா என்று சோதிப்பது என் வேலை. எனக்கும் இதில்தான் சம்பளம்.

மத்தியானச் சாப்பாட்டை மாடிப்படியில் நின்றுகொண்டே முடித்துவிடுவார். முன்பெல்லாம் பிரிவுக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்தான். விடுப்புக் கணக்கு பார்த்த அம்மா ஒருவர் இவருக்கென்று தனி டப்பா கொண்டு வருவார். ரோபோ அந்த அம்மாவின் வேலையைப் பழகி முடித்ததும் அறையை ஸ்டோர் ரூம் ஆக்கிவிட்டார்கள். டப்பா இவர் மேஜையிலேயே தங்கிவிட்டது. "கழுவித்தான் வெச்சிருக்கேன்" என்றார் ஒருநாள், நான் எதுவும் கேட்காமலேயே.

இப்போது நடப்பது பில் பிரிவு. அங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், மிச்சம் ஒரே ஆள். இவருடைய தங்கை புருஷன். வாய் ஓயாத மனிதர், அந்த வாயில் எதுவும் நிற்காது. "எங்க மச்சான் கட்டற மிஷினு, நான்தான் அதுக்கு வாத்தியார்!" என்று கேன்டீனில் பீற்றிக்கொள்வார். வேலை முடிந்ததும் தன்னை ரோபோவுக்கு மேற்பார்வையாளராகப் போடுவார்கள் என்பது அவர் நினைப்பு. அப்படி ஒரு பதவியே கிடையாது. தங்கைக்கு இது நிறைமாதம். வீட்டில் வேறு வருமானமும் இல்லை.

பில் தொகையில் வண்டி வாடகையும் சேர்ந்திருந்தால் ரோபோவுக்குக் கணக்கு இடிக்கும், ஓரமாக ஒதுக்கிவிடும். ஒதுக்கியதை ஒரு மனிதர் பார்த்தாக வேண்டும். ஆகவே அந்த அறையில் ஒரு நாற்காலி மிஞ்சும். வாடகையைக் கழிப்பதை ஒரே மத்தியானத்தில் ரோபோவுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சீட்டை மட்டும் சுவரின் அடிக்கு இறக்கிவிடுவார். "அது கொஞ்சம் சிக்கல், அப்புறம் பாத்துக்கலாம்." பொய் சொல்லும்போது அவருக்குக் காது சிவக்கும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். மாப்பிள்ளையிடம் சொன்னால் மறுநாளே கேன்டீன் முழுக்கப் பரவிவிடும் என்று அவரிடமும் மூச்சுவிடவில்லை.

போன வெள்ளிக்கிழமை செய்து காட்டும்போது மேனேஜர் கடுகடுவென்று வந்தார். "எத்தனை மாசமா இதையே ஒதுக்கிட்டிருக்கு? உங்களால முடியலன்னா சொல்லுங்க, வேற ஆளப் பாக்கறேன்."

"அதுக்கு மனுஷ புத்தி வேணும் சார்" என்றார் இவர். காது சிவந்திருந்தது.

மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. நாலு பேர் முன்னால் மச்சானை இப்படிப் பேசுவதா? எழுந்துவிட்டார். "மச்சான் மேல தப்பில்ல சார், நான்தான் சொல்லாம விட்டுட்டேன். வாடகை எப்பவும் கடைசி வரில தனியா இருக்கும். அதக் கழிச்சிட்டா தொகை டக்குனு பொருந்திடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான் சார்!"

மேனேஜரே போய் அந்தச் சீட்டை அடியிலிருந்து உரித்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டினார். வெளியே வந்ததும் மாப்பிள்ளை இவர் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா மச்சான், உங்க மானத்தக் காப்பாத்திட்டேன்." இவர் சிரித்தார்.

திங்கட்கிழமை நாற்காலியை உருட்டிக்கொண்டு பில் பிரிவுக்குப் போனார். சோதனைக்காக நானும் பின்னால் போனேன். மாப்பிள்ளை மேஜையைத் துடைத்து இடம் பண்ணி வைத்திருந்தார். "வாங்க மச்சான். மிஷின் இன்னும் முடியலையான்னு உங்க தங்கச்சி கேட்டா. இந்தத் தடவ முடிஞ்சிடும்னு சொல்லிட்டேன்."

இவர் உட்கார்ந்து, வழக்கம்போல் கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். வாடகை சேர்ந்த பில் ஒன்று திரையில் திறந்தது.

"என்ன மச்சான், அடுத்து என்னன்னு கேக்கலையா?" என்று சிரித்தபடி மாப்பிள்ளை மௌஸைக் கடைசி வரிக்கு நகர்த்தினார்.

இவர் வலது கையை உருவி எடுத்தார். மௌஸின் மேலிருந்த மாப்பிள்ளையின் கைமீது அதை வைத்து, நகரவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.