நான் அடைத்த துளை

அந்தத் துளையை அடைத்தவன் நான்தான். பிறகு யாரும் பார்க்காதபோது அதைக் குத்தித் திறந்தவனும் நான்தான். அறியாமல் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்... அது எதற்காக அங்கே இருந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

திருமழிசைத் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் தகரம் போட்ட ஒரு ஷெட். டிப்ளமோ முடித்த கையோடு அருளும் நானும் வாடகைக்கு எடுத்தது. பழைய பெட்ரோல் வண்டிகளில் இன்ஜினைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தில் மோட்டாரும் காலடியில் பேட்டரியும் பொருத்திக் கொடுப்போம். என் அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அருளின் அப்பா ஆவடியில் சீருடைக்குத் துணி வெட்டும் அரசாங்க வேலையில் இருந்தார். தென்காசிப் பக்கமிருந்து வந்து குவார்ட்டர்ஸில் வேர்விட்ட கிறிஸ்தவக் குடும்பம்.

என்ன நாட்கள் அவை!

மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர்தான் இந்த வண்டிகளின் உயிர். வெயில், மழை இரண்டுமே அதற்கு ஆகாது. மூடி வைத்தால் வெந்து சாகும், திறந்து வைத்தால் நனைந்து சாகும். நம் ஊரில் இரண்டில் எதற்குப் பஞ்சம், சொல்லுங்கள்?

சித்திரை வெயிலில் பூந்தமல்லி நெரிசலுக்குள் வண்டியை ஓட்டிவிட்டு வந்து, கன்ட்ரோலரின் முதுகில் திருகியிருக்கும் அலுமினியத் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்போம்.

"இன்னா மாமே, தோசையே ஊத்தலாம் போலக்கீது!" என்று அருள் கையை உதறுவான்.

தகட்டைப் பெரிதாக்கினோம். காற்றுப் படும் பக்கமாக நகர்த்தினோம். நடுவே சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசையைத் தடவினோம். ஒருநாள், தகட்டில் கையை வைத்தபடியே அருள் தன் கோயில் கீர்த்தனை ஒன்றை முழுதாகப் பாடி முடித்தான். சுடவில்லை! கட்டைக் குரல், சுருதியே சேராத பாட்டு... இன்றும் என் காதில் இருக்கிறது.

மழைக்கு வேறு வித்தை. கன்ட்ரோலரை ஒரு பெட்டிக்குள் வைத்து, இடுக்குகளைச் சிலிக்கான் பசையால் அடைப்போம். உள்ளே நுழையும் ஒயர்களை முதலில் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி நுழைப்போம். ஒயரோடு வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். அருள் அதற்குத் தூளி என்று பெயர் வைத்திருந்தான். எல்லாம் முடிந்தபின் டிரில்லை எடுத்துப் பெட்டியின் அடியில் ஒரு துளை போட்டான் பாருங்கள், நான் அலறியே விட்டேன்.

"வாட்டர்ப்ரூஃப்னு சொல்லிட்டு ஓட்ட போட்றியேடா பாவி!"

"எங்க சித்தப்பா தெருவுல ஒருத்தன் வெள்ளத்துக்குப் பயந்து வாசப்படிய உசத்திக் கட்னான் மச்சான். கடைசில அவன் ஊட்லதான் தண்ணி வடியவே இல்ல. தண்ணி எப்டியும் வந்துடும். போறதுக்கு வழி உடு!"

நான் நம்பவில்லை. துளையில்லாத பெட்டி ஒன்றை நாளெல்லாம் வெயிலில் காயவைத்து, சட்டென்று குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிச் சோதித்தேன். உள்ளே ஈரம்! சூடான பெட்டி குளிர்ந்ததும் உள்ளிருந்த காற்று சுருங்கி, மூச்சை இழுப்பதுபோல ஒயர் இடுக்கின் தண்ணீரை உறிஞ்சியிருந்தது. அடியில் துளை இருந்தால் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கும். அதைக் கண்டுபிடித்தவன் நான்! அன்று அருள் என்னைத் தூக்கிச் சுற்றினான்.

ஆகவேதான் சொல்கிறேன்... எனக்குத் தெரியும்.

நாங்கள் முதலில் மாற்றிய வண்டி அருளின் அப்பாவுடைய மொபெட். அவர் தினமும் அதில்தான் வேலைக்குப் போனார். பிரேக் பார்க்க அது ஷெட்டுக்கு வந்திருந்த ஒருநாள், அருள் சாமான் வாங்க ரிச்சி தெருவுக்குப் போயிருந்தான். காட்டுப்பாக்கத்திலிருந்து ஒருவர் தன் ஸ்கூட்டரை மாற்றுவது பற்றி விசாரிக்க வந்தார். மொபெட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்து அடியிலும் பார்த்தார்.

"என்ன தம்பி, இவ்ளோ பெரிய ஓட்டை இருக்கு? நீங்கல்லாம் படிச்சவங்கதானே?"

படிச்சவங்கதானே! அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, நானே சோதித்தறிந்த பதில். ஆனால் அவர் உதட்டில் சிரிப்பு இருந்தது. அப்பாவின் அழுக்குத் துண்டு, எங்கள் தெரு, நான் திக்கித் திக்கிப் பேசும் ஆங்கிலம் எல்லாம் அந்தச் சிரிப்புக்குத் தெரிந்துவிட்டதாக எனக்குப் பட்டது.

"தெரியாம டிரில் பட்டுட்ச்சு சார். அடைச்சிட்றேன்."

அவர் கண்முன்னாலேயே கறுப்புச் சிலிக்கானைப் பிதுக்கி, விரலால் வழித்து அடைத்தேன். துளை இருந்த சுவடே இல்லை. அவர் ஸ்கூட்டரை எங்களிடமே கொடுத்தார். திரும்பி வந்த அருள் சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டான். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நாளைக்கும் அப்படியே... அதற்குள் அவன் அப்பா மொபெட்டை எடுத்துப் போயிருந்தார்.

ஐப்பசியில் ஒருநாள், பகலெல்லாம் காய்ந்துவிட்டு மாலையில் கொட்டியது. பருத்திப்பட்டுச் சாலையில் கன்ட்ரோலர் எரிந்து, மோட்டார் இறுகி, ஓடிக்கொண்டிருந்த பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. அருளின் அப்பா தூக்கி எறியப்பட்டார். வலது மணிக்கட்டு நொறுங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து அருள் போன் செய்தான். "வண்டிய ஷெட்டுக்கு ஏத்திகினு போடா. நான் வந்து தொறக்கிறேன்."

நான் ஏற்றிக்கொண்டு போனேன். அவன் வருவதற்குள் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அடைப்பைக் குத்தினேன். டம்ளரைக் கவிழ்த்தாற்போலத் தண்ணீர் கொட்டியது. ஒட்டியிருந்த பிசிறையெல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்து, துணியால் துடைத்துவிட்டேன். பதறிப்போய்ச் செய்தேனா? இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது!

அருள் வந்து பெட்டியைத் திறந்தான். உள்ளே ஈரம், கருகல். அடியில் துளை சுத்தமாகத் திறந்திருந்தது. அவனுக்குப் புரியவில்லை.

"தூளி சரியாத்தானே வுட்டிருக்கேன்... எங்கடா தப்பு பண்ணேன்?" ஒவ்வொரு ஒயராக இழுத்து இழுத்துப் பார்த்தான். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என் கையால செஞ்சது எங்கப்பா கைய ஒட்ச்சிட்சிடா."

"மழைடா மச்சான். யாரு இன்னா பண்ண முடியும்?" அப்படித்தான் சொன்னேன். ஆறுதல்போலவே இருந்தது, இல்லையா?

அதன்பிறகு அவன் டிரில்லைத் தொடவில்லை. இப்போது ஐயப்பன்தாங்கல் பக்கம் ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்க்கிறான். ஷெட் என்னுடையதாகிவிட்டது. வேலைக்குக் குறைவில்லை. இப்போது யாராவது குனிந்து பார்த்து, இதென்ன ஓட்டை என்று கேட்டால் நிதானமாக விளக்குகிறேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் வேலை! அன்றைக்கு அந்த நாலு வாக்கியம் ஏன் என் வாயிலிருந்து வரவில்லை?

போன கிறிஸ்துமஸுக்கு அருளின் அப்பா கூப்பிட்டார் என்று குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவரால் கத்தரி பிடிக்க முடியாமல் போய்விட்டது. வெட்டிய துணியை அடுக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். கேக் தட்டை நீட்டினார்.

"இடது கையால குடுக்கேன்னு தப்பா நெனைக்காதப்பா."

நான் வாங்கிக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். இவன் செஞ்ச கோளாறுல ஒன் தொழிலுக்கும்லா கெட்ட பேரு! ஆனா அவனக் குத்தஞ்சொல்லி நீ ஒரு வார்த்த பேசலியேப்பா... பெரிய மனசு ஒனக்கு."

அடுக்களை வாசலில் அருள் நின்றிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

சொல்லியிருக்கலாம். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

"பரவால்ல அங்கிள்," என்றேன், "நம்ம அருள்தானே."

அருள் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் நன்றி இருந்தது.