மீன் வரிசையில் நின்ற நீல சைக்கிள்

1. எடைதான் பூட்டு

நான் வேலை பார்த்த ஸ்டாண்டில் ஒரு சைக்கிளைத் திருட வேண்டுமென்றால் முதலில் அதைத் தூக்கத் தெம்பு இருக்க வேண்டும். பின் சக்கரத்து வளையப் பூட்டைப் போட்டுவிட்டால் வண்டி உருளாது. உருளாத வண்டியைத் தோளில் வைத்துக்கொண்டு புதுச்சேரி பெரிய மார்க்கெட் நெரிசலில் நடந்து போகிறவனை இன்றுவரை நான் பார்த்ததில்லை. கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலி போடுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. யாராவது போட்டாலும் விடமாட்டோம். காலையில் ஐம்பது வண்டி நிற்கிற இடத்தில் பத்து மணிக்கு நூறு வண்டியை அடைக்க வேண்டும். வரிசையை நெருக்க வேண்டும், நடுவில் இருப்பதை உருவ வேண்டும். கம்பத்தில் கட்டிப்போட்ட வண்டி அந்த வேலைக்கே இடைஞ்சல்.

இப்போது கடைவாசல்களில் பார்க்கிங் பார்க்கிற பிள்ளைகள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே நம்பரில் இரண்டு தகர டோக்கன். ஒன்று ஹேண்டிலில் தொங்கும், ஒன்று வண்டிக்காரர் கையில். சீட்டின் மேல் சாக்பீஸால் அதே நம்பர். டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து நின்றால் சாவியைப் போட்டுப் பூட்டைத் திறந்து காட்டச் சொல்வோம். திறந்தால் வண்டி அவருடையது. இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமா? பல வருஷம் எந்தத் தகராறும் வந்ததில்லை. ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த கலியபெருமாள் முதலாளி இந்தச் சாவி விதியைத் தானே கண்டுபிடித்த மாதிரி பேசுவார்.

இரண்டாயிரமாம் வருஷத்துக்குப் பிறகு ஒரு நாள் காலை, ரெஜினா அந்த நீல சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்.

2. ஒன்றுமே இல்லாத வண்டி

ரெஜினா நெல்லித்தோப்புப் பெண். நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ். நாள் முழுக்க நிற்கிற வேலை, உட்கார ஸ்டூல்கூடத் தரமாட்டார்கள். அதுவரை பழைய லேடீஸ் சைக்கிளில்தான் வருவாள். இந்தப் புது வண்டி அவளுடைய தாய்மாமா கொடுத்தது. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷனோடு பிரான்சிலேயே தங்கிவிட்டவர். வக்கான்சுக்கு, அதாவது லீவுக்கு, ஊருக்கு வந்தபோது அட்டைப்பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டு வந்திருந்தார்.

வெளிர் நீலம். ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், விரல் தடிமனில் டயர், கியர். கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, பெல் இல்லை, ஸ்டாண்டும் இல்லை. சாக்பீஸால் எழுத சீட்டில் இடம் இல்லை. இருந்த ஒரே அலங்காரம், ஹேண்டிலுக்குக் கீழே ரெஜினாவின் அம்மா ஒட்டிவிட்ட சின்ன மாதா படம். வண்டிக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று ஒட்டியது. பூட்டு மட்டும் தனியாக வந்திருந்தது. ரப்பர் போர்த்திய கேபிள், நாலு நம்பரைச் சுழற்றித் திறப்பது. சாவி கிடையாது.

நான் முன் கம்பியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையில் வந்துவிட்டது. உடனே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

“இத எவன் வேணும்னாலும் இடுப்புல வெச்சினு போயிடுவானே. பழைய வண்டிய எடுத்துனு வாயேன்” என்றேன்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ரேஸுக்குச் செலக்‌ஷன். புதுச்சேரி டீமுக்கு மூன்று பெண்களை எடுப்பார்கள். டீமில் போய் ஓட்டி வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கவர்ன்மென்ட் வேலைக்கு எழுதிப் போடலாம். கடை விட்டதும் நேராக நோணாங்குப்பம் ரோட்டில் பிராக்டிஸ் போனால்தான் உண்டு. வீட்டுக்குப் போய் வண்டி மாற்றிக்கொண்டு கிளம்பினால் இருட்டிவிடும், அப்பா அனுப்பமாட்டார். அதனால் இந்த வண்டி பகலெல்லாம் எங்கள் ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும்.

“இந்த ஒரு மாசம்தான்க்கா. பாத்துக்குங்க” என்றாள். இப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன்?

3. பக்கத்து வண்டிக்காரர்

முதல் இரண்டு நாள் அந்த வண்டி முன்வரிசையில் சுவரில் சாய்ந்து நின்றது. ஸ்டாண்டுக்கு வருகிறவர்களைவிட அதைப் பார்க்க வருகிறவர்கள் கூடிப்போனார்கள். ஒருவர் கியரைத் தட்டுவார், ஒருவர் டயரை அமுக்குவார், ஒருவர் விலை கேட்பார். கேட்கிற எல்லோரும் கடைசியில் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். எனக்கு டோக்கன் கொடுப்பதா, இவர்களை விரட்டுவதா என்று ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் அதை மீன் வரிசைக்கு மாற்றினேன். தெருத்தெருவாகப் போய் மீன் விற்கிறவர்கள் தங்கள் சைக்கிளை எங்கள் ஸ்டாண்டின் கடைசியில், தகரக் கூரை முடிகிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும். மற்றவர்கள் நாற்றம் தாங்காமல் சண்டைக்கு வந்ததால் முதலாளி அப்படி ஒதுக்கியிருந்தார். அந்தப் பக்கம் ஒருவரும் போகமாட்டார்கள். அந்த வரிசையில் இருந்து ஒரு காற்றடிக்கும் பம்புகூடக் காணாமல் போனதில்லை.

ரெஜினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் பட்டுப்புடவை பிரித்துக் காட்டுகிற கை, வஞ்சிர வாடையோடு போனால் சூப்பர்வைசர் விடுவாரா என்று கேட்டாள். ஒரு சோப்பு வாங்கி என் மேஜையில் வைத்துக்கொள் என்றேன். வாங்கி வைத்தாள்.

அதைவிடக் கோபம் அஞ்சாப்புலிக்கு. அவர் வம்பாக்கீரப்பாளையத்துக்காரர், மீன் வரிசையில் நிரந்தர இடம் பிடித்தவர். நீல சைக்கிள் அவர் இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும், மீன்பெட்டி அதில் உரசாமல் வண்டியை எடுக்கிற வேலை அவர் தலையில் விழுந்தது. தினமும் முணுமுணுப்பார். இந்த வண்டி இப்படிச் சாய்கிறது, இதற்கு ஒரு ஸ்டாண்ட் வைக்கக் காசில்லையா, கண்ணாடிப் பாத்திரம் மாதிரி ஒதுங்கி ஒதுங்கி எடுக்க வேண்டியிருக்கிறது என்று. ஆனால் தன் பெட்டியைச் சுற்றி ஒரு கோணிப்பையைக் கட்டியவரும் அவர்தான். பெயிண்ட் உரிந்தால் அந்தப் பாப்பா அழும் என்றார்.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. நான் நிம்மதியாக இருந்தேன்.

4. பூட்டைத் திறந்து காட்டியவன்

செலக்‌ஷனுக்கு முந்தின வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். மீன் வரிசையில் நீல சைக்கிள் இல்லை. ரெஜினா கடையில்தான் இருப்பாள், அந்த நேரத்தில் அவளை வெளியே விடமாட்டார்கள்.

முதலாளி மேஜையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

“அவங்க அண்ணன் வந்து எடுத்துனு போயிட்டாரு. டோக்கன அந்தப் பொண்ணு தொலைச்சிட்டாளாம்” என்றார்.

“அவளுக்கு ஏது முதலாளி அண்ணன்? அவங்க வீட்டுல ரெண்டும் பொண்ணுங்க.”

பேப்பரை மடித்து வைத்தார். தன் மேல் தப்பில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும் அவருக்கு. பேண்ட் சட்டையில், கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க ஒரு பையன் வந்தானாம். இவர் சும்மா கொடுத்துவிடவில்லையாம், பூட்டைத் திறந்து காட்டச் சொன்னாராம்.

“நம்பர் போட்டு என் கண்ணு முன்னாடி தொறந்தான். ஒரு தடவ தப்பாப் போட்டான், அடுத்த தடவ தொறந்துக்குச்சு. தொறந்தவனுக்கு எப்படித் தரமாட்டேன்னு சொல்றது?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் விதிப்படிதான் நடந்திருந்தார். சாவி ஒருத்தர் இடுப்பில்தான் இருக்கும், நம்பர் யார் மண்டையிலும் இருக்கலாம் என்பது எங்கள் விதிக்குத் தெரியாது. இதை அவருக்கு விளக்க அப்போது நேரமில்லை. துணிக்கடைக்குப் போய் அந்தப் பெண் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே தெருவில் இறங்கினேன்.

எதிரே அஞ்சாப்புலி வந்துகொண்டிருந்தார். அவர் தோளில் நீல சைக்கிள்.

நடந்ததை அவர் நின்றபடியே சொன்னார். மார்க்கெட்டின் மீன் பக்கத்து வாசலில் சாக்கடைக்கு மேல் இரும்புக் கம்பி போட்டிருப்பார்கள். நம் ஊர் சைக்கிள் டயர் அதன் மேல் கடகடவென்று போய்விடும். இந்த ஒல்லி டயர் இரண்டு கம்பிக்கு நடுவில் இறங்கிவிட்டது. ஏறி மிதித்து வந்தவன் முன்பக்கமாக விழுந்தான். அஞ்சாப்புலி அங்கே ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் விழுந்தவனைத் தூக்க ஓடினார்கள், இவர் வண்டியைப் பார்த்தார்.

“தெனம் என் பொட்டி பக்கத்துல நிக்கிற வண்டியாச்சே. அந்தப் பாப்பா எங்கடான்னு கேட்டேன். வுட்டுட்டு ஓடிட்டான்.”

வண்டியைத் தோளில் இருந்து இறக்கினார். முன் சக்கரம் கோணியிருந்தது.

5. கோட்டம்

எங்கள் முதலாளியிடம் சொல்லி, அவர் மூலமாக ரெஜினாவைத் துணிக்கடையில் இருந்து வரவழைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது ஆடி ஆடிச் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நம்பர் வைத்திருந்தாய் என்று கேட்டேன்.

“பதினஞ்சு பூஜ்யம் எட்டு.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆகஸ்ட் பதினைந்து. மாதா விண்ணேற்புத் திருநாள், சுதந்திர தினம், எங்கள் மாதா கோவில்காரர்கள் பாதிப் பேருக்கு எந்த நம்பர் கேட்டாலும் முதலில் வாயில் வருவது அதுதான். என் வீட்டு சூட்கேஸும் அந்த நம்பரில்தான் திறக்கும். வந்தவன் மாதா படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அதைப் போட்டிருப்பான் என்பது என் ஊகம். காவலுக்கென்று அம்மா ஒட்டியது, திருடனுக்கு அடையாளம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இதை அன்றைக்கு நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் அம்மாவின் காதுக்குப் போனால் அந்த மனுஷி உடைந்துபோவாள்.

அந்த அளவு ரிம் புதுச்சேரியில் எந்தக் கடையிலும் இல்லை. நெல்லித்தோப்பு மெக்கானிக் ஸ்போக்குகளைத் தளர்த்தி முறுக்கி முடிந்தவரை கோட்டம் எடுத்தார். முழுசாகப் போகவில்லை. ஆடுகிற ரிம் பிரேக் கட்டையில் உரசியதால் முன் பிரேக்கைக் கழற்றிக் கொடுத்தார். பின் பிரேக்கை மட்டும் நம்பி ஞாயிற்றுக்கிழமை அவள் செலக்‌ஷனுக்குப் போனாள்.

நாலாவதாக வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் அந்தச் செய்தியை அவள் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. பஸ் லேட் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். வண்டியைக் கொண்டுபோய் முன்வரிசைச் சுவரில் சாய்த்தாள். பூட்டவில்லை. டோக்கனும் வாங்காமல் நடந்தாள்.

“பூட்டலியா?”

“எதுக்குக்கா? இனிமே எவன் வேணும்னாலும் எடுத்துனு போவட்டும்.”

அவளை எப்படி நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை. ஆறுதல் சொல்கிற வாய் எனக்கு அமைந்ததில்லை. அஞ்சாப்புலி அப்போதுதான் தன் வண்டியை விட்டுவிட்டு வெளியே வந்தார். எத்தனையாவது என்று அவளிடம் நேராகக் கேட்டார். சொன்னாள். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

“மூணு பேருதான் முன்னாடியா? அவங்க சக்கரமும் கோணலா இருந்துச்சா பாப்பா?”

கிண்டல் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. இல்லை என்று ரெஜினா தலையாட்டினாள். ஆட்டி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வியாழக்கிழமை வராத அழுகை, நடுத்தெருவில், கடைக்கு நேரமாகிற வேளையில். அஞ்சாப்புலி பயந்துபோய், தான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று என்னைப் பார்த்தார். பேசாமல் இருங்கள் என்று நான் அவருக்குக் கையைக் காட்டினேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே போய் வண்டியை எடுத்தாள். மீன் வரிசைக்கு உருட்டிக்கொண்டு போனாள். எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து பூட்டில் எதையோ மாற்றினாள்.

“புது நம்பர் வெச்சிருக்கேன். உங்களுக்கு மட்டும் சொல்றேன்க்கா.”

“எனக்கும் சொல்லாத” என்றேன்.

தொழிலில் நான் கற்றுக்கொண்டது அதுதான். பொருளைக் காக்கிறவர் அதைத் திறக்கிற வழியைத் தெரிந்துவைத்திருக்கக் கூடாது. திறந்து காட்டுகிறவரையெல்லாம் சொந்தக்காரர் என்று நம்பவும் கூடாது. டோக்கன் இல்லாமல் வந்தால் வண்டிக்காரர் நேரில் வரும்வரை காத்திருக்கச் சொல்ல வேண்டும். கத்துவார்கள், கத்தட்டும். முதலாளியும் அந்த வாரமே சாவி விதியை எடுத்துவிட்டார். அதையும் தானே கண்டுபிடித்த மாதிரிதான் பேசினார்.

ஹேண்டிலில் டோக்கனை மாட்டி அதன் ஜோடியை ரெஜினாவிடம் கொடுத்தேன். அடுத்த செலக்‌ஷன் எப்போது என்று கேட்டேன். அடுத்த வருஷம் என்றாள்.

“அதுவரைக்கும் வண்டி இங்க இருக்கும். நீ போ, நேரமாவுது” என்றேன்.